சிங்கப்பூர்ல ஒரே ஒரு நாள், காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஹாக்கர் சென்டர் சாப்பாடு: முதல் தடவ போறவங்களுக்கு

முதல் தடவ நான் சிங்கப்பூர் போனப்ப சுத்திப் பாக்க கையில இருந்தது ஒரே ஒரு நாள். பதினாறு கடை பேரு எழுதி வச்சிருந்தேன், ராத்திரி ரூமுக்குத் திரும்பறப்ப கணக்குப் பாத்தா நாலே நாலு கடைலதான் சாப்பிட்டிருக்கேன். ஒரு சென்டர் க்ளீனிங்னு மொத்தமா மூடிக் கிடந்துச்சு, ரெண்டு கடைல நான் போறதுக்குள்ள சாப்பாடு தீந்துபோச்சு, இன்னொரு கடை வாசல்ல நிக்கறப்ப வயித்துல ஒரு வாய்க்குக்கூட எடம் இல்ல. அதுக்கப்புறம் மூணு தடவ போய்ட்டு வந்துட்டேன், இப்ப ஒரு நாள்ல ஏழு எட்டு கடைல நிம்மதியா சாப்பிட முடியுது. நான் அலைஞ்ச மாதிரி நீங்க அலைய வேணாம்னுதான் இத உக்காந்து எழுதறேன்.

எங்க சாப்பிடறதுன்னு லிஸ்ட் கேட்டா ஆயிரம் பேரு கொடுப்பாங்க. உங்க நாள கெடுக்கறது அது இல்ல. எந்தக் கடை எப்போ தெறந்திருக்கும், உங்க வயிறு எவ்ளோ தாங்கும், இந்த ரெண்டும்தான். அதனால எதுலயும் நேரத்த முதல்ல பாருங்க.

ஹாக்கர் சென்டர்னா ஒரே கூரைக்குக் கீழ பத்துல இருந்து நூத்துக் கணக்குல சின்னச் சின்னக் கடைங்க, நடுவுல பொது மேஜைங்க. அங்க தமிழ் போர்டுல "உணவங்காடி நிலையம்"னு போட்டிருப்பாங்க. டாலர நம்ம ஆளுங்க "வெள்ளி"ம்பாங்க, அதனால நானும் கீழ வெள்ளின்னே எழுதறேன்.

1. பேப்பர் வேலைய முதல்ல முடிங்க

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கண்டிப்பா வேணும். அங்கீகாரம் உள்ள ஏஜென்ட் மூலமா அப்ளை பண்ணணும், ப்ராசஸிங் கட்டணம் 30 வெள்ளி, விசா கெடைக்கலன்னாலும் அது திரும்ப வராது, ஏஜென்ட் சார்ஜ் தனி. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசத்துக்காவது செல்லுபடி ஆகணும், இத டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே பாத்துருங்க. போட்டோ அளவு தப்பா இருந்து திருப்பி அனுப்பறதுதான் அடிக்கடி நடக்குது, அதனால ஸ்டுடியோல போயி "சிங்கப்பூர் விசாவுக்கு"ன்னு சொல்லியே எடுங்க. குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடி ஆரம்பிச்சா பதட்டம் இருக்காது.

வேற நாட்டுக்குப் போற வழில சிங்கப்பூர்ல இறங்கறவங்களுக்கு 96 மணி நேரம் விசா இல்லாம வெளிய போற வசதி ஒண்ணு இருக்கு. ஆனா அது எல்லாருக்கும் இல்ல, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் மாதிரி சில நாட்டு விசா கையில செல்லுபடியா இருக்கணும், அடுத்த பயண டிக்கெட்டும் உறுதி ஆகியிருக்கணும். நாம இதுல வருவோமான்னு குடிநுழைவுத் துறை (அந்த ஊரு இமிக்ரேஷன்) வெப்சைட்ல ஒரு தடவ படிச்சுட்டு அப்புறம் நம்புங்க.

விசா வந்துட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, எஸ்ஜி அரைவல் கார்டுன்னு இன்னொரு ஆன்லைன் ஃபாரம் இருக்கு. இறங்கற நாளையும் சேத்து மூணு நாளுக்குள்ள நிரப்பணும், அதுக்கு முன்னாடி நிரப்ப விடாது. இது இலவசம். தேடினா அரசாங்க சைட் மாதிரியே இருக்கற தனியார் சைட்டுங்க மேல வந்து நிக்கும், அதுல ஒண்ணுலதான் நான் கார்டு நம்பர் போட்டு மூவாயிரம் ரூபாய்க்கு மேல கட்டினேன், அதே வேலைய அரசாங்க சைட்ல சும்மா பண்ணியிருக்கலாம்னு ஏர்போர்ட்ல பக்கத்துல நின்னவர் சொல்லித்தான் தெரிஞ்சுது. குடிநுழைவுத் துறையோட சொந்த சைட், இல்லன்னா அவங்களோட மைஐசிஏ ஆப், இந்த ரெண்டத் தவிர வேற எங்கயும் நிரப்பாதீங்க. இந்த கார்டு விசா கிடையாது, ரெண்டும் தனித்தனி.

பாஸ்போர்ட்ல சீல் அடிக்க மாட்டாங்க, எத்தன நாள் இருக்கலாம்னு இமெயில்ல இ-பாஸ் வரும். அதனால ஃபாரத்துல இமெயில் முகவரிய தப்பில்லாம போடுங்க. சூயிங்கம், வேப் ரெண்டையும் பையில இருந்து எடுத்துட்டுப் போங்க, உள்ள கொண்டு போகக் கூடாது.

2. எந்தக் கிழமைன்னு பாருங்க

இதுலதான் என்னோட முதல் நாள் கெட்டுச்சு. ஹாக்கர் சென்டர் எல்லாம் சில மாசத்துக்கு ஒரு தடவ முழுசா கழுவறதுக்குன்னு மூடுவாங்க, பழுதுபாக்கற வேலைன்னா மாசக்கணக்குலகூட மூடி இருக்கும். எந்த சென்டர் எந்தத் தேதி மூடலுன்னு தேசிய சுற்றுப்புற வாரியத்தோட சைட்ல முன்கூட்டியே லிஸ்ட் போடறாங்க, அஞ்சு நிமிஷ வேலை, நீங்க போற தேதிய வச்சு பாத்துருங்க.

சென்டர் தெறந்திருந்தாலும் உள்ள இருக்கற ஒவ்வொரு கடைக்கும் லீவு நாள் தனித்தனி. நெறைய கடைங்க திங்கக்கிழமை இல்லன்னா செவ்வாக்கிழமை லீவு விடுவாங்க. ஆபீஸ் பகுதில இருக்கற சென்டருங்க, உதாரணத்துக்கு அமாய் ஸ்ட்ரீட், அங்க சனி ஞாயிறுல பாதிக் கடை பூட்டித்தான் கெடக்கும். என் கணக்குல புதன்ல இருந்து வெள்ளி வரைக்கும் நல்ல நாள். சீனப் புத்தாண்டு வாரத்துல மட்டும் சாப்பாட்டுக்காகன்னு போகாதீங்க, சீனக் கடைங்க பெரும்பாலும் மூடிருவாங்க.

3. காசு: நோட்டு கையில இருக்கணும்

கடைல ஒட்டியிருக்கற க்யூஆர் கோட பாத்து நம்ம ஊரு மாதிரி ஸ்கேன் பண்ணிடலாம்னு நெனச்சுட்டுப் போனா மாட்டிப்பீங்க. அதுல பாதிக்கு மேல அந்த ஊரு பேங்க் அக்கவுண்ட் இருக்கறவங்களுக்கான பேநவ். வெளிநாட்டுக் கார்ட பெரிய கடைங்க, மால், ரெஸ்டாரண்ட் எல்லாம் வாங்கும், ஆனா ஹாக்கர் கடைல வயசான ஒரு அங்கிள் தனியா நின்னு நூடுல்ஸ் கிளறிக்கிட்டு இருப்பாரு, அவருகிட்ட கார்ட நீட்டினா தலைய ஆட்டிருவாரு. அதனால ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்கு 60, 70 வெள்ளி நோட்டா வச்சுக்கோங்க, அதுலயும் ரெண்டு, அஞ்சு, பத்து வெள்ளி நோட்டா. ஒண்ணரை வெள்ளி கோப்பிக்கு அம்பது வெள்ளி நோட்ட நீட்டறது காலங்காத்தால அவங்களுக்கும் கஷ்டம்.

ஏர்போர்ட்ல அவசரத்துக்கு மட்டும் மாத்துங்க, மீதிய லிட்டில் இந்தியால முஸ்தபா பக்கம் இருக்கற மணி சேஞ்சர்ல மாத்துங்க, ரேட் நல்லா இருக்கும். ஏடிஎம்லயோ கார்டு மெஷின்லயோ "ரூபாய்லயா, சிங்கப்பூர் டாலர்லயா"ன்னு கேட்டா சிங்கப்பூர் டாலர்னே அமுக்குங்க. ரூபாய் அமுக்கினா அந்த மெஷின்காரங்க வச்ச ரேட்ல போகும், எப்பவும் நமக்கு நட்டம்தான்.

ரயில், பஸ்ஸுக்கு தனியா டிக்கெட் வாங்க வேண்டியதில்ல. காண்டாக்ட்லெஸ் விசா, மாஸ்டர்கார்டு இருந்தா கேட்ல தட்டிட்டு உள்ள போலாம், வெளிய வர்றப்பவும் அதே கார்டதான் தட்டணும். வெளிநாட்டுக் கார்டுன்னா நாளுக்கு சின்னதா ஒரு சேவைக் கட்டணம் சேரும். ஒரு கார்டுல ஒரு ஆள்தான் போக முடியும், குடும்பத்துக்கே ஒரே கார்ட தட்ட முடியாது, இத நெறைய பேரு கேட்ல நின்னுதான் தெரிஞ்சுக்கறாங்க. உங்க பேங்க் ஆப்ல அந்த கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் டேப் பண்ணி கட்டறதும் ஆன் பண்ணி இருக்கான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே பாருங்க.

4. நேரத்த பிரிக்கறது, இதுதான் உயிர்

அங்க கடைங்க ரெண்டு ஷிஃப்ட் மாதிரின்னு வச்சுக்கோங்க. காலைக் கடைங்க விடியறப்ப தெறந்து மதியம் ஒண்ணு ரெண்டுக்கு மூடும், நல்ல பேரு வாங்கின கடைன்னா அதுக்கும் முன்னாடியே தீந்துரும். சாயங்காலக் கடைங்க நாலு அஞ்சுக்கு மேலதான் அடுப்பு பத்த வைக்கும். நடுவுல ரெண்டரைல இருந்து அஞ்சு வரைக்கும் செத்த நேரம். நான் முதல் தடவ போனப்ப காலைல மெதுவா எந்திரிச்சு, ஓட்டல்லயே இலவசமா கொடுத்த டிபன வயிறு முட்ட சாப்பிட்டுட்டு, சரியா இந்த செத்த நேரத்துலதான் ஊர் சுத்தினேன். அதனால ஓட்டல்ல டிபனோட சேத்து ரூம் போடாதீங்க, அந்தக் காசும் மிச்சம்.

நாலு எடத்துக்கு மேல திட்டம் போடாதீங்க, ஒவ்வொரு எடத்துலயும் ஒண்ணு ரெண்டு கடை பாத்தா போதும். ஊரு முழுக்க குறுக்க நெடுக்க ஓடாம ஒரே கோட்டுல வர்ற எடமா எடுங்க. எனக்கு சரியா வந்த வரிசை இது:

காலை 7:30, தேக்கா நிலையம். லிட்டில் இந்தியா ஸ்டேஷன்ல இறங்கினா பக்கத்துலயே. ஏர்போர்ட்ல இருந்து நேரா வர்றவங்க ஒரே ஸ்டேஷன் தள்ளி எக்ஸ்போல மாறி டவுன்டவுன் லைன் பிடிச்சா நேரா இங்கயே இறங்கலாம், பெட்டிய ஏர்போர்ட்லயே காசு கட்டி வச்சுட்டு வாங்க. தேக்கால தமிழ் போதும், "அண்ணே ரெண்டு பரோட்டா"ன்னு கேட்டா வேலை முடிஞ்சுது. ஆனா இங்கதான் பெரிய பொறி இருக்கு. இட்லி தோசை வாசனை வந்ததும் நம்ம கை தானா அங்க போகும், நாலு தோசைய உள்ள தள்ளிட்டா பத்து மணி வரைக்கும் வயிறு அசையாது. தோசை நம்ம ஊருல நாளைக்கும் கெடைக்கும். இங்க ஒரு பரோட்டா, பக்கத்துல ஊத்தற பருப்போ மீன் கறியோ, ஒரு தே தாரிக் (நுரை வர ஆத்தித் தர்ற பால் டீ), அவ்ளோதான். கூட ஆள் இருந்தா ஒரு தட்டு மீ கோரெங் வாங்கி பங்கு போட்டுக்கோங்க, நம்ம முஸ்லிம் அண்ணன்மாருங்க சிவப்பா, காரமா, லேசா இனிப்போட கிளறித் தர்ற அந்த நூடுல்ஸ் அந்தப் பக்கத்துக்கே உரியது, எனக்கு அந்த ஊருல இருந்து ஒரே ஒரு தட்ட மட்டும் எடுத்துட்டு வர விட்டா அதத்தான் எடுத்துட்டு வருவேன்.

9:30, ஒரு கோப்பிக்கடை. காயா டோஸ்ட், அரை வேக்காட்டு முட்டை ரெண்டு, ஒரு கோப்பி, இது மூணும் சேந்து ஒரு செட்டா வரும். காயாங்கறது தேங்காப்பாலும் முட்டையும் சக்கரையும் சேத்துக் கிண்டின ஜாம், பாண்டன் இலை வாசம் வரும். முட்டைய சாஸர்ல ஒடச்சு ஊத்தி கருப்பு சோயாவும் வெள்ள மிளகுத்தூளும் போட்டு கலக்கி, டோஸ்ட்ட அதுல தொட்டு சாப்பிடணும். முட்டை அரைகுறையா வெந்திருக்கேன்னு திருப்பிக் கொடுக்காதீங்க, அது அப்படித்தான்.

11:00, மேக்ஸ்வெல் இல்லன்னா சைனாடவுன் காம்ப்ளெக்ஸ். லிட்டில் இந்தியால இருந்து நார்த் ஈஸ்ட் லைன்ல மூணாவது ஸ்டேஷன் சைனாடவுன். பன்னண்டு மணிக்கு ஆபீஸ் கூட்டம் கொட்டும், ரெண்டு வரைக்கும் மேஜை கெடைக்காது, அதனால பதினொண்ணுக்கே உள்ள இருக்கணும். ரெண்டும் நடக்கற தூரம்தான், மேக்ஸ்வெல் சின்னது, புதுசா வர்றவங்களுக்கு சுலபம், சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் ரொம்பப் பெருசு, கடைய தேடவே நேரம் போயிரும். சிக்கன் ரைஸ் இங்க சாப்பிடுங்க. பாக்க வெறும் வெள்ளச் சோறும் வேகவச்ச கோழியும் மாதிரிதான் இருக்கும், ஆனா அந்தச் சோற கோழிக் கொழுப்புலயும் இஞ்சி பூண்டுலயும் வதக்கி கோழித் தண்ணியில வேகவச்சிருப்பாங்க, ருசி சோத்துலதான் இருக்கு, அதனால கோழிய தொடறதுக்கு முன்னாடி ஒரு வாய் சோற மட்டும் தின்னு பாருங்க. மிளகா சட்னி கூட வரும், நம்ம நாக்குக்கு சரியா இருக்கும்.

மதியம் 1:30ல இருந்து 5:30 வரைக்கும் வயித்துக்கு ரெஸ்ட். சும்மா சொல்லல, இந்த நாலு மணி நேரம் விட்டாத்தான் ராத்திரி சாப்பிட முடியும். அந்த ஊரு வெயிலும் புழுக்கமும் ஆள பிழிஞ்சிரும், ஏசி இருக்கற மால்லயோ லைப்ரரிலயோ உக்காருங்க. மேக்ஸ்வெல்லுக்கு எதுத்தாப்புல புத்தர் கோயில் இருக்கு, சவுத் பிரிட்ஜ் ரோட்டுல நம்ம மாரியம்மன் கோயிலும் இருக்கு, ஆனா மாரியம்மன் கோயில் மதியத்துல நடை சாத்திருக்கும், சாமி பாக்கணும்னா காலைலயோ சாயங்காலமோ போங்க. இந்த நேரத்துல வாய்க்கு ஏதாவது வேணும்னா செண்டோல் (தேங்காப்பாலும் வெல்லப் பாகும் ஊத்தின ஐஸ்), டவ் ஹுவே (இனிப்பான சோயாப் பால் கட்டி), கரும்புச் சாறு, இதுல ஒண்ணு.

ராத்திரி 7:00, லாவ் பா சாட். பூன் டாட் தெருவ சாயங்காலம் வண்டி விடாம அடச்சு நடு ரோட்டுல மேஜை போட்டு சாத்தே (குச்சில கோத்த கறித் துண்டு) சுடுவாங்க, வார நாள்ல ஏழு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். மத்த சென்டர விட வெலை கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் புகையும் நெருப்பும் சுத்தி உயரமான கட்டடங்களுமா அந்த எடத்துல ஒரு தடவ உக்காந்து சாப்பிடணும். சாத்தே குச்சி கணக்குல விப்பாங்க, பத்து குச்சிக்குக் கம்மியா நெறைய கடைல தர மாட்டாங்க. வேர்க்கடலைக் குழம்பு, வெள்ளரிக்கா, வெங்காயம், அரிசிக் கட்டி கூட வரும்.

ஒரு முக்கியமான விஷயம்: போர்டுல ஒரே சாப்பாட்டுக்கு 4, 5, 6னு மூணு வெலை போட்டிருந்தா அது அளவு. எப்பவும் சின்னதையே கேளுங்க. ரெண்டு பேரு சேந்து போறதுதான் சரியான கணக்கு, ஒரு தட்டு வாங்கி ரெண்டா பிரிச்சா எட்டு வகை ருசி பாக்கலாம். நாலு பேருக்கு மேல போனா மேஜை பிடிக்கறதுலயே பாதி நாள் போயிரும்.

5. மேஜை, ஆர்டர், தட்டு

மேஜை மேல ஒரு டிஷ்யூ பாக்கெட்டோ குடையோ சும்மா கெடந்தா அது யாரோ எடம் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம், "சோப்" பண்றதுன்னு சொல்வாங்க. அத நகத்திட்டு உக்காராதீங்க. நீங்களும் அதே மாதிரி டிஷ்யூ வச்சு எடம் பிடிக்கலாம், அதனால காலைலயே ரெண்டு பாக்கெட் வாங்கி வச்சுக்கோங்க, கடைல டிஷ்யூ தரவும் மாட்டாங்க. கூட்டமா இருந்தா தெரியாதவங்க மேஜைல ஓரமா உக்காரறது சகஜம், "கேன் சிட்?"னு ஒரு வார்த்த கேட்டுட்டு உக்காரலாம்.

வரிசைல நின்னு, சொல்லி, அப்பவே காசு கொடுத்து, தட்ட நீங்களே எடுத்துட்டு வரணும். சாத்தே, மீன் நண்டு கடைங்க மட்டும் மேஜை நம்பர் கேட்டு கொண்டு வந்து தருவாங்க. வயசுல பெரியவங்கள அங்கிள், ஆன்ட்டின்னு கூப்பிடறதுதான் அங்க மரியாதை. கட்டிக் கொடுக்கச் சொன்னா டப்பாவுக்கு இருபது முப்பது காசு கூட கேப்பாங்க, ஏமாத்தறாங்கன்னு நெனைக்காதீங்க.

சாப்பிட்டு முடிச்சதும் தட்ட நீங்களேதான் கொண்டு போய் ஷெல்ஃப்ல வைக்கணும். 2021 செப்டம்பர்ல இருந்து இது சட்டம், முதல் தடவ எழுத்துல எச்சரிக்கை, மறுபடி மாட்டினா 300 வெள்ளி அபராதம். ஷெல்ஃப்ல ஹலால் தட்டுக்கு தனி எடம், மத்ததுக்கு தனி எடம் இருக்கும், பாத்து வைங்க, முஸ்லிம் மக்களுக்கு அது ரொம்ப முக்கியம்.

ரயிலுக்குள்ள, ஸ்டேஷனுக்குள்ள எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கவும் கூடாது, 500 வெள்ளி வரைக்கும் அபராதம். தண்ணியும் இதுல சேத்தின்னு நெறைய பேருக்குத் தெரியாது. கையில பாதி கோப்பியோட கேட்டுக்குள்ள நுழையாதீங்க. டுரியான் பழமும் உள்ள கூடாது.

6. கோப்பி கேக்கறதுக்கு ஒரு தனி பாஷை

வெறுமனே "கோப்பி"ன்னு கேட்டா கன்டென்ஸ்ட் மில்க் ஊத்தி பாயசம் மாதிரி இனிப்பா வரும். நமக்குப் பிடிச்ச மாதிரி வாங்கணும்னா இந்த நாலஞ்சு வார்த்தைய மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. "ஓ"ன்னா பால் இல்லாம, சக்கரையோட. "சி"ன்னா இனிப்பில்லாத கெட்டிப் பால், ஆனா சக்கரை தனியா போடுவாங்க. "கோசோங்"னா சக்கரை சுத்தமா வேணாம். "சியூ டாய்"னா இனிப்பு கம்மி. "காவ்"னா திக்கா. "பெங்"னா ஐஸ் போட்டு. இதெல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா கோத்துச் சொல்லணும், கோப்பி சி சியூ டாய், கோப்பி ஓ கோசோங் பெங், இப்படி. டீக்கு கோப்பிய எடுத்துட்டு "தே" போட்டா போதும். இஞ்சி டீ வேணும்னா தே ஹாலியா.

நம்ம ஃபில்டர் காபி பழகின நாக்குக்கு கோப்பி சி சியூ டாய்தான் கிட்ட வரும். சக்கர வியாதி இருக்கறவங்க "சி கோசோங்"னு ரெண்டையும் சேத்துச் சொல்லணும், வெறும் "சி"ன்னு நிறுத்தினா சக்கரை வந்துரும். அந்தக் கொட்டைய சக்கரையும் வெண்ணெயும் போட்டு வறுக்கறதால கசப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும், ரெண்டாவது கப்புல பழகிரும்.

7. சைவம், ஹலால், அலர்ஜி

சுத்த சைவமா இருக்கறவங்க இத ரெண்டு தடவ படிங்க. சீனக் கடைல "வெஜிடபிள்"னு கேட்டா கீரைதான் வரும், ஆனா மேல சிப்பி சாஸ் ஊத்தியிருக்கும், இல்லன்னா பன்றிக் கொழுப்புல வதக்கியிருக்கும். ரோஜாக்ல பழமும் காயும்தான் கண்ணுக்குத் தெரியும், அந்தக் கருப்பு சாஸ்ல எறா விழுது இருக்கு. லக்ஸாங்கற தேங்காப்பால் நூடுல்ஸோட குழம்புல காஞ்ச எறா அரச்சு சேப்பாங்க, மேல இருக்கற எறாவ எடுத்துப் போட்டுட்டா சைவம் ஆயிடாது. காயா ஜாம்ல முட்டை இருக்கு. எங்க அக்கா இந்த மாதிரி ஒரு கீரைத் தட்ட பாதி சாப்பிட்டதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த நாள் முழுக்க அவங்க பழரசம் தவிர எதுவும் வாயில வைக்கல, அவங்கள அந்த நெலைல பாத்ததுல இருந்து நான் இத எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன்.

சைவத்துக்கு ரெண்டு வழி இருக்கு. தேக்கா சுத்தி இருக்கற நம்ம சைவ ஓட்டல்கள் ஒண்ணு. இன்னொண்ணு சீன பௌத்த சைவக் கடைங்க, அனேகமா எல்லாப் பெரிய சென்டர்லயும் ஒண்ணாவது இருக்கும், பெரும்பாலும் வெங்காயம் பூண்டுகூட சேக்க மாட்டாங்க. அங்க தட்டுல கோழி, மீன் மாதிரி தெரியறது சோயாலயும் கோதுமைலயும் செஞ்சது, பாத்து பயப்படாதீங்க.

ஹலால் பாக்கறவங்க அரசாங்க அங்கீகாரம் பெத்த முயிஸ் சான்றிதழ் மாட்டியிருக்கான்னு பாருங்க. "பன்றி இல்ல, பன்றிக் கொழுப்பு இல்ல"ன்னு மட்டும் போர்டு வச்சிருந்தா அது ஹலால் சான்றிதழ் கிடையாது. கெய்லாங் சராய் சந்தைக்குப் போனா மலாய் சாப்பாடு ஏராளம், பாயா லேபார் ஸ்டேஷன்ல இறங்கி நடக்கணும். வேர்க்கடலை அலர்ஜி உள்ளவங்க சாத்தே, ரோஜாக் ரெண்டையும் விட்டுருங்க.

8. மது குடிக்கறவங்களுக்கு

வயசு 18 ஆகணும். வரி அதிகம்ங்கறதால வெலை நம்மள தூக்கிப்போடும், பார்ல ஒரு காக்டெயில் குடிக்கற காசுல ஹாக்கர் சென்டர்ல மூணு வேள சாப்பிடலாம். ஹாக்கர் சென்டர்லயே பெரிய பீர் பாட்டில் எட்டு, ஒம்பது வெள்ளி பக்கம் கெடைக்கும், சாத்தேயோட அதுவே போதும்னு நான் சொல்வேன்.

ராத்திரி 10:30ல இருந்து காலை 7 மணி வரைக்கும் கடைல பாட்டில் வாங்கிட்டுப் போகவும் முடியாது, பொது எடத்துல குடிக்கவும் கூடாது. லிட்டில் இந்தியாலயும் கெய்லாங்லயும் இன்னும் கடுமை, சனிக்கிழமை காலை 7ல இருந்து திங்கக்கிழமை காலை 7 வரைக்கும் பொது எடத்துல குடிக்கறதே தடை. ரோட்டோரம் பெஞ்சுல உக்காந்து ஒரு கேன் தெறக்கறதும் இதுல வந்துரும். அங்க சட்டம் பேப்பரோட நிக்காது.

9. பில்லுல மாட்டற எடங்க

ஹாக்கர் கடைல போர்டுல இருக்கற வெலைதான் கட்டற வெலை. ரெஸ்டாரண்ட்ல மெனுல வெலைக்குப் பக்கத்துல "++"னு இருந்தா நில்லுங்க. மொதல்ல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அந்தக் கூட்டுத்தொகை மேல 9 சதவீதம் ஜிஎஸ்டி. 20 வெள்ளி சாப்பாடு 23 வெள்ளி 98 காசு ஆயிரும். தனியா டிப்ஸ் வைக்க வேண்டியதில்ல.

கடல் உணவுதான் பெரிய பொறி. ஒரு ராத்திரி சென்டர்ல ஒருத்தர் கையப் பிடிக்காத குறையா கூப்பிட்டு உக்கார வச்சாரு, எறா போர்டுல 9 வெள்ளின்னு இருந்துச்சு, சரின்னு சொல்லிட்டோம். அது நூறு கிராமுக்கு. ரெண்டு பேருக்கு அம்பது வெள்ளிக்கு மேல வந்து நின்னுச்சு, அன்னிக்கு வச்சிருந்த காசுல பாதி அங்கயே போச்சு. அதனால எடைபோட்டு விக்கற எதுவா இருந்தாலும், சமைக்கறதுக்கு முன்னாடி "மொத்தம் எவ்ளோ"ன்னு கேட்டு, ஃபோன்ல நம்பர டைப் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. கூவிக் கூப்பிடற கடைய தாண்டிப் போயிருங்க, வரிசை நிக்கற கடைக்கு கூப்பிட ஆள் தேவைப்படாது. கடல் உணவு ரெஸ்டாரண்ட்ல கேக்காமயே வேர்க்கடலையும் ஈரத் துண்டும் கொண்டு வந்து வைப்பாங்க, அதுக்கும் காசு, வேணாம்னா உடனே திருப்பிக் கொடுக்கலாம்.

குழாத் தண்ணி அங்க தாராளமா குடிக்கலாம். ஆனா ஹாக்கர் சென்டர்ல சும்மா தண்ணி தர மாட்டாங்க, பாட்டில கையோட எடுத்துட்டுப் போய் ரூம்லயோ ஏர்போர்ட்லயோ ரொப்பிக்கோங்க.

10. செலவுக் கணக்கு, ஒரு ஆளுக்கு

நான் கடைசியா போனப்ப ஆன கணக்கு, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். பரோட்டாவும் தே தாரிக்கும் 5 வெள்ளி, காயா டோஸ்ட் செட் 7, சிக்கன் ரைஸ் 6, கரும்புச் சாறு 2, செண்டோல் 3, சாத்தே பத்து குச்சி 10, நடுவுல ஒரு கேரட் கேக் 5 (பேருதான் கேரட், வெள்ள முள்ளங்கியும் அரிசி மாவும் சேத்து வேகவச்ச கட்டிய முட்டையோட பொரிச்சது, இனிப்பு இல்ல). ரயில் ஏர்போர்ட் போக வர, உள்ள ரெண்டு பயணம், எல்லாம் சேந்து 7, 8. மொத்தம் 46 பக்கம். பீர் சேந்தா 55.

வயித்துக்கு மாத்திரையும் ரெண்டு ஓஆர்எஸ் பாக்கெட்டும் பையில போட்டுக்கோங்க, சாப்பாட்டால இல்லன்னாலும் வேர்த்து ஊத்தறதுக்கே வேண்டியிருக்கும்.

ராத்திரி லாவ் பா சாட்ல உக்காந்தா நேரம் போறது தெரியாது. ஏர்போர்ட்டுக்கு கடைசி ரயில் எத்தன மணிக்குன்னு காலைல இறங்கறப்பவே ஸ்டேஷன் போர்டுல பாத்து ஃபோன்ல அலாரம் வச்சுருங்க, நடுவுல ரயில் மாறணும்ங்கறதால அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பணும். விட்டுட்டா டாக்ஸிதான், நடுராத்திரி 12ல இருந்து காலை 6 வரைக்கும் மீட்டர் மேல பாதி கூட வாங்குவாங்க.